மூட்டுவலி கண்ட மோட்டார் வண்டி

சென்ற திங்கள் இப்பகுதியில் டயர்களின் தேய்மானத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் பலர், "டயரின் உட்புற விளிம்பு மட்டும் தேய்கிறது, சக்கர அலைன்மென்ட் இருமுறை பார்த்தும் பயனில்லை, காரணம் யாது?" என்று ஏறத்தாழ ஒரே வினாவைப் பல வடிவங்களில் கேட்டு எழுதியுள்ளனர். அவ்வினாவிற்கு விடை டயரில் இல்லை. அலைன்மென்ட் பார்க்கும் இயந்திரத்திலும் இல்லை. வண்டியின் அடிவயிற்றில், எவர் கண்ணிலும் எளிதிற் படாத இடத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சில ரப்பர் உருளைகளில் இருக்கிறது. பட்டறைக்காரர் அவற்றைப் 'புஷ்' என்பர். அவை கெட்டுவிட்டால் வண்டிக்கு வருவது மூட்டுவலியே. மூட்டுவலிக்கு மருந்து தேடாமல் காலணியை மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன பயன்?

நம் சங்கக் குடும்பங்களில் பழைய வண்டி வைத்திருப்போர் தொகை சிறிதன்று. அம்பாஸடர் வண்டி 2014ஆம் ஆண்டில் நின்றது. மாருதி 800, 1983ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவரத் தொடங்கி, 2014ஆம் ஆண்டு ஜனவரியில் நின்றது. பிரீமியர் பத்மினியோ இந்நூற்றாண்டின் வாயிலிலேயே விடைபெற்றுக்கொண்டது. பம்பாய்த் தெருக்களில் வாடகை வண்டியாக ஓடிய கடைசிப் பத்மினியும் 2023ஆம் ஆண்டு அக்டோபருடன் ஓய்ந்தது. ஆனால் வீட்டு வண்டிகளாக இவை இன்னும் இருக்கின்றன. தந்தையார் ஓய்வூதியப் பணத்தில் வாங்கியது, மகள் பிறந்த ஆண்டில் வந்தது என்று ஒவ்வொன்றிற்கும் ஒரு வரலாறு உண்டு. தனிப்பட்டோர் வண்டிக்கு முதற்பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கலாம். (தலைநகர் வட்டாரத்து அன்பர்கள் மட்டும் அங்குள்ள தனிக்கட்டுப்பாடுகளை முதலில் விசாரித்துக்கொள்க, அது வேறு கதை.) அவ்வாறு நீட்டித்து வைத்துக்கொள்ளும் வண்டி பாதுகாப்பாக ஓடவேண்டும் அன்றோ?

புஷ் என்பது யாது? ஓர் இரும்புக் குழாய். அதனுள் அதனினும் சிறிய இன்னோர் இரும்புக் குழாய். இரண்டிற்கும் இடையே ரப்பர். இவ்வளவே. வெளிக்குழாய், சக்கரத்தைத் தாங்கும் கையின் துளைக்குள் அழுத்திப் பொருத்தப்படுகிறது. உட்குழாயினூடே ஒரு போல்ட் சென்று, வண்டியின் உடலோடு அதனை அசையாதவாறு இறுக்கிவிடுகிறது. சக்கரம் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கும்போது கை மேலும் கீழும் ஆடுகிறது. கதவுக் கீலில் ஓர் இரும்பு இன்னோர் இரும்பின்மேல் வழுக்குகிறது. இங்கோ எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொள்கிறது. பின் தன் நிலைக்குத் திரும்புகிறது. ரப்பர் இரு குழாய்களிலும் சூட்டினால் ஒட்டுவிக்கப்பட்டிருப்பதால் இது இயல்கிறது. ஆதலின் இதற்கு எண்ணெய் வேண்டா, கிரீஸ் வேண்டா. சாலையின் அதிர்ச்சியில் ஒரு பகுதியையும் இரைச்சலின் பெரும்பகுதியையும் இதுவே விழுங்கிவிடுகிறது.

முற்காலத்து வண்டிகளில் இவ்விடங்களில் வெண்கலப் புஷ்களும் எஃகு ஊசிகளுமே இருந்தன. அவற்றிற்கு ஓயாமல் கிரீஸ் ஊட்டவேண்டும். ஊட்டத் தவறினால் தேய்ந்து கடகடக்கும். 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றி, அதற்கு நிலையான உறுதி அளிக்கும் முறையைக் கண்டார். ஆயினும் ரப்பரை இரும்போடு பிரியாமல் ஒட்டும் கலை கைவந்த பின்னரே, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இவ்வகைப் புஷ்கள் வண்டிகளிற் புகுந்தன. 'சைலன்ட் பிளாக்' என்று இன்றும் மூத்த மெக்கானிக்குகள் சொல்லக் கேட்கலாம். ஓசையற்ற கட்டை என்பது பொருள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களிலும் கேரளத்திலும் வடியும் பாலும் இதற்குப் பயன்படும் சரக்கே.

இனி நம் மூன்று வண்டிகளில் இவை எங்கெங்கு உள்ளன என்று பார்ப்போம். அம்பாஸடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழிவந்தது. அதன் முன்பக்கத்தில் சுருள்வில் இல்லை. நீண்ட எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு வில்லின் வேலையைச் செய்கிறது. கீழ்க்கையின் உள்முனையிலும், அக்கையை முன்பின் நகராமல் பிடிக்கும் இழுதண்டின் முனையிலும் ரப்பர் உண்டு. பின்பக்கம் கமான் பட்டை. இந்திக்காரர் இதனைக் 'கமானி' என்பர். இரண்டும் வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவையே, ஆகவே எவ்வூர்ப் பட்டறையிலும் இச்சொல் ஒன்று நமக்குக் கைகொடுக்கும். பட்டையின் இரு கண்களிலும், பின்முனையைத் தாங்கும் ஷாக்கிளிலும் புஷ்கள் இருக்கின்றன. பத்மினிக்கு முன்பக்கம் மேலும் கீழுமாக இரு கைகளும் சுருள்வில்லும். பின்பக்கம் கமான் பட்டையே. மாருதி 800இல் முன்பக்க அமைப்பு மிக எளியது: ஒரு பக்கத்திற்கு ஒரே ஒரு கீழ்க்கை, அதன் உள்முனையில் ஒரு புஷ். அந்தக் கை முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்வது, இரு சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைஸர் தண்டின் முனை. அம்முனையும் ரப்பரிலேதான் உட்கார்ந்திருக்கிறது. இச்சிறு செய்தியை வாசகர் நினைவில் இருத்துக, பின்னர் பயன்படும்.

கெட்டுவிட்டன என்பதற்கு அறிகுறிகள் பல. மெதுவாகச் செல்லும்போது சிறு குழிகளில் 'டக், டக்' என்று அடியில் தட்டும் ஓசை. பெரும் பள்ளத்தில் இவ்வோசை இராமல், சிறு குழியிலேயே மிகுந்து கேட்டால் ஐயம் புஷ்ஷின் மேல் செல்லவேண்டும். நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை ஓயாமல் இப்புறமும் அப்புறமும் திருத்திக்கொண்டே இருக்க நேர்தல். பிரேக் மிதித்தால் வண்டி ஒருபுறம் இழுத்தல். முன் கியரிலிருந்து பின் கியருக்கு மாற்றும்போது பின்புறத்தில் ஒரு முட்டல். அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்த சில நாட்களிலேயே மீண்டும் பழைய நிலை.

இந்த அறிகுறிகளைச் சொன்னவுடன், "ஷாக் அப்ஸார்பர் போய்விட்டது, நான்கையும் மாற்றவேண்டும்" என்னும் தீர்ப்பு பல பட்டறைகளில் வழங்கப்படுகிறது. ஷாக் அப்ஸார்பரின் வேலை, வில் ஒருமுறை அமுங்கி எழுந்தபின் மேலும் மேலும் குதிக்காமல் அடக்குவது. வண்டி பள்ளம் தாண்டியபின் படகுபோல் ஆடினால் அதனைக் குறை கூறலாம். தட்டும் ஓசைக்கும் ஒருபுறம் இழுப்பதற்கும் அதனை மட்டுமே பலியிடுவது நேர்மையன்று. நான்கு ஷாக் அப்ஸார்பர்களின் விலைக்கு எத்தனையோ புஷ்கள் வாங்கலாம் என்பதே அத்தீர்ப்பின் பின்னணியோ என்னவோ!

மாதுங்கா வட்டத்திலிருந்து அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வகையில் நம் நெஞ்சைத் தொட்டது. கணவர் விட்டுச்சென்ற 1998ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்று அவரிடம் உள்ளது. மகன் அண்மையில் ஓட்டுநர் உரிமம் பெற்றிருக்கிறான். கோடை விடுமுறையில் மாமியாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி வரை அவ்வண்டியிலேயே சென்றுவர எண்ணம். பிரேக் மிதித்தால் வண்டி இடப்புறம் இழுக்கிறது. மூன்று பட்டறைகளில் காட்டினார். ஒருவர் ஷாக் அப்ஸார்பர் என்றார். இன்னொருவர் ஸ்டியரிங் பெட்டியையே மாற்றவேண்டும் என்றார். மூன்றாமவர், இவருக்கு இந்தி திருத்தமாக வாராது என்று கண்டு, "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு தொகையும் கூறினாராம். "எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அவரது காரை இப்படித் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை" என்று முடிக்கிறார் அம்மையார்.

அவருக்குத் தனியே விடை எழுதிவிட்டோம். அதனை இங்கும் தருவது பிறர்க்கும் உதவும். முதலில் நான்கு டயர்களிலும் காற்றின் அளவு சரியா என்று பார்க்க. ஒரு முன்சக்கரத்தில் காற்றுக் குறைந்தாலும் வண்டி அப்புறம் இழுக்கும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அடுத்து, சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் இரு முன்சக்கரங்களின் அருகிலும் கையை வைத்து (தொடாமல்) வெப்பத்தை ஒப்பிடுக. ஒன்று மட்டும் மிகுதியாகக் கொதித்தால் அப்பக்கத்துப் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமலிருக்கிறது என்று பொருள். இவ்விரண்டும் சரியாயின், ஸ்டெபிலைஸர் தண்டின் முனையிலுள்ள ரப்பரைப் பார்க்கவேண்டும். பிரேக் மிதிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அத்தள்ளலை எதிர்த்து நிற்பது இம்முனையே. இடப்புறத்து ரப்பர் நைந்துபோயிருந்தால், இடச்சக்கரம் சிறிது பின்வாங்குகிறது. வலச்சக்கரம் தன்னிடத்தில் நிற்கிறது. இரண்டும் ஒரே திசையை நோக்காமையால் வண்டி ஒருபுறம் பாய்கிறது. ஈரச்சாலையில், மலைச்சரிவில், எதிரே லாரி வருகையில் இப்படி நேர்ந்தால் என்னாகும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

இதனை வீட்டு வாசலிலேயே சோதித்துவிடலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை நன்றாக மிதித்துக்கொள்ளவேண்டும். இருவர் வண்டியை முன்னும் பின்னும் அசைத்துத் தள்ளவேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, மட்கார்டின் வளைவிற்குள் முன்சக்கரம் இடம் பெயர்கிறதா என்று நோக்கவேண்டும். நல்ல புஷ்ஷானால் சக்கரம் உடலோடு ஒன்றாகவே அசையும்; கெட்டதானால், உடல் நகரச் சக்கரம் நிற்கும், ஒரு முட்டல் ஓசையும் கேட்கும். இன்னும் ஒன்று: சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இருபுறமும் நாடாவால் அளந்து பார்க்கலாம். மாருதி 800க்கு இவ்வளவு 2175 மில்லிமீட்டர். இருபுறமும் ஒத்திருத்தலே முக்கியம். ஒருபுறம் கணிசமாகக் குறைந்திருந்தால் காரணம் தேடவேண்டும்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பதானால், ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் தலையை நீட்டலாகாது. உறுதியான ஸ்டாண்டு வைக்கவேண்டும். செங்கல் அடுக்குவது கூடாது, செங்கல் சொல்லாமல் நொறுங்கும். ஸ்டெப்னியையும் உடலின் கீழ் கிடத்திவைப்பது நலம். பின் கடப்பாரை போன்ற ஒரு நெம்புகோலைக் கைக்கும் உடலுக்கும் நடுவே கொடுத்து மென்மையாக நெம்பினால், ரப்பர் சற்றே நெகிழ்ந்து திரும்பவேண்டும். உட்குழாய் ரப்பரை விட்டுப் பிரிந்து துளைக்குள் ஆடினாலும், குழாய் நடுவிலின்றி ஓரமாகச் சரிந்திருந்தாலும் மாற்றவேண்டியதே. மேற்பரப்பில் மயிரிழைபோன்ற வெடிப்புகள் மட்டும் இருப்பின் அஞ்சவேண்டா. அது வயதின் சுருக்கம். வெடிப்பு உள்ளே இறங்கி, நெம்பும்போது வாய் திறந்தால்தான் நோய்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால், அது புஷ்ஷாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க மீண்டும் ஆட்டிப் பாருங்கள். தளர்ச்சி மறைந்துவிட்டால் குற்றம் சக்கர பேரிங்கினுடையது. மறையாவிட்டால் பால் ஜாயின்ட்டோ, கிங்பின்னோ, புஷ்ஷோ எனத் தேடவேண்டும்.

இத்தனை சிறிய ரப்பருக்கா இவ்வளவு கவலை என்பார்க்கு ஒரு கணக்கு. புஷ் தளர்ந்து ஒரு சக்கரம் தான் செல்லவேண்டிய திசையிலிருந்து 1 பாகை விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் அந்த டயர் கணக்குப்படி சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பம்பாயிலிருந்து சென்னை 1300 கிலோமீட்டருக்குக் குறையாது. அத்தொலைவில் டயர் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் குறுக்காகத் தேய்க்கப்பட்டதாகும். உட்புற விளிம்பு மட்டும் ஏன் வழுக்கையாயிற்று என்று கேட்ட அன்பர்கள் இதனைச் சிந்திக்க.

சரி, இவை ஏன் கெடுகின்றன? காலமும் வெப்பமும் காற்றும் ரப்பரை முதுமையடையச் செய்வன. அவற்றைத் தடுக்க முடியாது. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் வெடிக்கும். ஆனால் நாம் காசு கொடுத்து வரவழைத்துக்கொள்ளும் கேடு ஒன்று உண்டு. அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபின், அடிப்பாகத்தில் டீசலையோ, மண்ணெண்ணெயையோ, கழிந்த எஞ்சின் எண்ணெயையோ தெளிக்கும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருக்கிறது. துருப்பிடிக்காது என்பர்; பளபளப்பாகவும் இருக்கும்; கமான் பட்டையின் கிறீச்சொலியும் சில நாள் அடங்கும். இரும்பிற்கு அது நல்லதாகவே இருக்கலாம். ரப்பருக்கோ நஞ்சு. பெட்ரோலிய எண்ணெய்களில் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, வெண்ணெய்போல் இளகி, இரும்பிலிருந்து கழன்றுவிடும். பல ஆண்டு உழைக்கவேண்டிய புஷ் பாதி நாளில் பாழாகும். கழுவுவதற்கு விடும்போதே, அடியில் எதனையும் தெளிக்கவேண்டா என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். எஞ்சினில் எண்ணெய்க் கசிவு இருந்து அது ஒழுகிப் புஷ்மேல் விழுமாயின், முதலில் கசிவை அடைத்துவிட்டே புஷ்ஷை மாற்றவேண்டும். இல்லையேல் புதியதும் பழையதன் வழியே செல்லும்.

புஷ்ஷிலிருந்து கிறீச்சொலி வருகிறதென்று கிரீஸ் தடவுவதும் இவ்வகையே. வண்டியில் கிரீஸ் கேட்கும் இடங்கள் உண்டு. அங்கெல்லாம் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கும். பழைய பத்மினியிலும் அம்பாஸடரிலும் அவற்றைத் தவறாமல் கவனிக்கவேண்டும். நிப்பிள் இல்லாத ரப்பருக்கு கிரீஸ் வேண்டா. ஓசை தாங்கமுடியவில்லையெனில் சிலிக்கோன் கிரீஸோ, வேறு வழியில்லாத இடத்தில் சிறிது விளக்கெண்ணெயோ தடவலாம். விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுப்பதில்லை. முற்காலத்துப் பிரேக் எண்ணெய்களே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்தவைதாம். பாட்டிமார் எல்லா நோய்க்கும் விளக்கெண்ணெய் கொடுத்ததில் மோட்டார் வண்டிக்கும் பங்குண்டு போலும்.

இனிப் புது உறுப்பு வாங்குதல். மாருதி 800க்கு எங்கும் கிடைக்கும். பத்மினிக்கும் அம்பாஸடருக்கும் தேடவேண்டும்: தில்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், பம்பாயில் ஆபரா ஹவுஸ் பகுதியும் குர்லாவும், ஊருக்குப் போகும்போது சென்னைப் புதுப்பேட்டை. இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்க்கவேண்டும். பழைய வண்டிப் பித்துக் கொண்ட அன்பர்கள், முப்பது ஆண்டுகளுக்கு முன் வண்டித் தொழிற்சாலையே விற்ற, இன்னும் பிரிக்கப்படாத பொட்டலம் ஒன்று கிடைத்துவிட்டால் புதையல் கண்டதுபோல் மகிழ்வர். கியர் சக்கரமோ, கதவுக் கைப்பிடியோ ஆனால் அது புதையலே. ரப்பர் அவ்வாறன்று. அலமாரியில் முப்பது ஆண்டு கிடந்த ரப்பர் முப்பது வயதான ரப்பர்தான். பொட்டலம் பிரிக்கப்படாமையால் இளமை நிலைத்துவிடாது. அண்மையில் செய்த, நல்ல பெயருள்ள நிறுவனத்தின் சரக்கே மேல்.

கடையில் வாங்கும்போது பழைய புஷ்ஷைக் கையோடு கொண்டுசென்று பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். வெளிவிட்டம் ஒத்திருப்பது போதாது. உட்குழாயின் நீளத்தை நோக்குக. அது வெளிக்குழாயினும் ரப்பரினும் சற்றே நீண்டு இருபுறமும் தலைநீட்டவேண்டும். போல்ட்டை இறுக்கும்போது தாங்கிகளிரண்டும் அக்குழாயைத்தான் கவ்வவேண்டும். மலிவுச் சரக்கில் இக்குழாய் குட்டையாயிருப்பதுண்டு. அப்போது எவ்வளவு இறுக்கினாலும் பிடி கிடைக்காது. குழாய் போல்ட்டின்மேல் சுழன்று துளையையே அரித்துவிடும். பின் விரல்நகத்தால் ரப்பரும் இரும்பும் சேருமிடத்தைக் கீறிப் பார்க்க: ஓரம் எழும்பினால் ஒட்டு சரியில்லை. சில புஷ்களில் ரப்பரின் நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். அது எத்திசையில் நிற்கவேண்டும் என்பதற்குக் குறி இருக்கும். பழையது எவ்வாறு இருந்ததென்று கழற்றுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்வது எளிது. இடப்புறம் ஒன்றுதான் கெட்டதென்றாலும் இருபுறமும் சேர்த்தே மாற்றுக.

மாற்றும் வேலையை வீட்டில் செய்யலாமா என்று கேட்போர்க்கு, வண்டியைப் பொறுத்து விடை மாறும். மாருதியில் சுருள்வில் ஸ்ட்ரட்டினுள் அடைபட்டிருப்பதால், கீழ்க்கையைக் கழற்றும்போது அது பாய்ந்துவராது. கைத்திறனும் நல்ல ஸ்டாண்டுகளும் உடையவர் துணியலாம். பத்மினியில் சுருள்வில் இரு கைகளுக்கிடையே அமுங்கிக் கிடக்கிறது. அம்பாஸடரில் முறுக்குத் தண்டு வண்டியின் சுமையைத் தாங்கிப் பிழியப்பட்டு நிற்கிறது. உரிய கருவியின்றிப் போல்ட்டைக் கழற்றினால் கையொடியும், உயிருக்கும் ஆபத்து. அவ்விரண்டையும் அறிந்தவரிடம் விடுவதே அறிவுடைமை. புஷ்ஷைத் துளையிலிருந்து எடுக்கவும் செலுத்தவும் பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் வெளிக்குழாய் நெளியும். காஸ் விளக்கால் ரப்பரைக் கொளுத்தி எடுப்பதும் சில இடங்களில் வழக்கம், அதனை அனுமதிக்கவேண்டா. அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில் விழவேண்டுமேயன்றி ரப்பரின்மேல் விழலாகாது. செலுத்தும்போது வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, கடைசி நிமிடத்தில் வேலையைக் கெடுக்கும் தவறு ஒன்று உண்டு. நாட்டில் மாற்றப்படும் புஷ்களிற் பல நெடுநாள் நிலைக்காமைக்கு இதுவே காரணமென்று நினைக்கிறோம். வண்டி தூக்கப்பட்டு, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதும் இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் உட்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியுள்ளது என்று முன்பே கூறினோம். ஆகவே போல்ட் இறுகும் கணத்தில் கை எந்நிலையில் இருக்கிறதோ, அதுவே ரப்பருக்கு ஓய்வுநிலை. கையின் நீளம் 30 சென்டிமீட்டர் என்றும், தொங்கும் சக்கரம் ஓடும் நிலையினும் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதென்றும் கொள்வோம். வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் ஏறத்தாழ 20 பாகை முறுக்கப்பட்டுவிடும். வண்டி நின்றாலும் ஓடினாலும், இரவும் பகலும், அந்த முறுக்கு நீங்காது. அதன்மேல் ஒவ்வொரு மேட்டிலும் மேலும் முறுக்கு. எத்துணை நல்ல ரப்பரும் சில திங்களில் கிழிந்துவிடும். "மட்டமான சரக்கு" என்று கடைக்காரரை வைகிறோம்.

செய்யவேண்டியது மிக எளிது. போல்ட்டுகளைக் கையளவு மட்டும் முடுக்கிவிட்டு, சக்கரங்களைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமுக்கி எழவிட்டு, வண்டி தன் எடையில் அமர்ந்தபின் கையேட்டில் சொல்லிய அளவிற்கு டார்க் ரெஞ்சால் இறுக்கவேண்டும். குழிப் பட்டறையானால் இது ஐந்து நிமிட வேலை. மெக்கானிக்கிடம் சொல்லவேண்டிய இந்தி வாக்கியத்தையும் எழுதிவிடுகிறோம்: "பஹலே காடி நீச்சே உதாரியே, ஃபிர் போல்ட் கஸியே." வண்டியை முதலில் இறக்குங்கள், பிறகு இறுக்குங்கள் என்பது பொருள். இதனைச் சொல்லும் வாடிக்கையாளரை அவர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார். அதன்பின் மற்றப் பேச்சுகளும் சற்று மரியாதையாகவே நடக்கும். கடற்கரை நகரங்களில் இருப்போர், போல்ட்டின் தண்டிற்கு மட்டும் மெல்லிய கிரீஸ் பூசச் சொல்லலாம். உப்புக்காற்றில் போல்ட் குழாயோடு துருவேறி ஒன்றாகிவிட்டால், அடுத்தமுறை அறுத்தே எடுக்கவேண்டிவரும். எல்லாம் முடிந்தபின்னரே அலைன்மென்ட். புஷ்ஷை மாற்றுமுன் அலைன்மென்ட் பார்ப்பது காசைக் கரைப்பதே.

பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாற் செய்த புஷ்கள் இப்போது சில வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. எண்ணெய்க்கு அஞ்சாதவை, நெடுநாள் உழைப்பவை. ஆனால் அவை ரப்பர்போல் முறுக்கிக்கொள்ளாமல் பெரும்பாலும் வழுக்கியே சுழல்வதால், அவற்றிற்குரிய கிரீஸ் வேண்டும், இன்றேல் கிறீச்சிடும். சாலையின் அதிர்ச்சியையும் உள்ளே மிகுதியாகக் கடத்தும். பந்தயம் ஓடுவோர் விரும்பலாம். பின்னிருக்கையில் பாட்டியை ஏற்றிச்செல்லும் குடும்ப வண்டிக்கு ரப்பரே போதும் என்பது நம் கருத்து.

மாதுங்கா அம்மையாரிடமிருந்து மறுகடிதம் வந்துள்ளது. வாசலிற் செய்த சோதனையில் இடச்சக்கரம் நன்றாகவே இடம்பெயர்ந்ததாம். மகனும் அடுத்தவீட்டுப் பிள்ளைகளும் தள்ள, மாமியாரே குடையூன்றி நின்று சக்கரத்தைக் கவனித்துச் சொன்னாராம். இருபுறத்துத் தண்டுமுனை ரப்பர்களும் கீழ்க்கைப் புஷ்களும் மாற்றப்பட்டன. ஷாக் அப்ஸார்பர்களும் ஸ்டியரிங் பெட்டியும் பழையனவே. இழுப்பு நின்றுவிட்டது. அவருக்கும், அவர்போல் ஊர்ப்பயணத்திற்கு ஆயத்தமாகும் பிறர்க்கும் சொல்வது: வேலை முடிந்த மறுநாளே புறப்படவேண்டா. முதல் சில நூறு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டிவிட்டு, போல்ட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் ஒருமுறை பார்க்கச் செய்க. புனாவிற்கு ஏறும் மலைப்பாதையில் சோதனை செய்வதினும் தாதரில் செய்வது நன்று. சுமையையும் அளவோடு ஏற்றுக. மாருதி 800இன் கூரைமேல் மூன்று பெட்டிகளைக் கட்டிக்கொண்டு, உள்ளே ஆறுபேர் அமர்ந்தால், எப்புஷ்ஷும் காக்காது.

புதிய சாலைகளில் இவ்வளவு சோதனை வேண்டுமா என்று அன்பர் ஒருவர் கேட்கிறார். சாலை நன்றாயிருப்பதாலேயே வேகம் கூடுகிறது. ஊருக்குள் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டும்போது தெரியாத தளர்ச்சி 80இல் தெரியும். மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, ஆண்டிற்கு இரண்டு தடவை அடியில் விளக்குப் பிடித்துப் பார்த்தால் போதும். ஓடாமல் நிழலில் நிற்கும் வண்டிகளையும் இவ்வரிசையில் சேர்த்துக்கொள்க. அடுத்த திங்கள் ரேடியேட்டரையும் அதன் குழாய்களையும் பற்றி எழுதுவோம். கோடைக்கு முன் அது வந்துசேர வேண்டும் என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.